பாதாளத்தில் அடைக்கலம்

ஒரு காட்டில், மரங்களோடு போட்டி போட்டு அறிவிப்புப் பலகைகளும் முளைத்துவிட்ட ஒரு காட்டில், அடைக்கலம் என்று ஒரு கீரி இருந்தான். காட்டுச் சபையில் அவனுக்கு நிரந்தர வேலை. பாம்புத் தடுப்புக் காவலர், முதல் நிலை. தெற்குப் புதர்கள் முழுவதும் அவன் பொறுப்பு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். முயல்களும் காடைகளும் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வணக்கம் வைக்கும்.

அந்த வேலை அவனுக்குச் சும்மா வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரப் புற்றருகே அவன் தம்பி மாசிலாமணியை நாகம் கடித்துக் கொன்றுவிட்டது. தம்பியைக் காப்பாற்ற எப்படியெல்லாம் போராடினேன் என்று அடைக்கலம் சபையில் எழுந்து சொன்னபோது, தலைவரான காட்டெருமை மூக்கை உறிஞ்சியபடியே நியமன உத்தரவில் குளம்பைப் பதித்தது.

போன பங்குனி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் முயல் வளைக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். விஷமில்லாத, வயசான சாரை. அடைக்கலம் போனான், பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். நான்கு கால்களையும் தரையோடு சேர்த்து ஆணி அடித்த மாதிரி இருந்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சாரை அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"உடம்புக்கு முடியலையா தம்பி?" என்று விசாரித்துவிட்டுத் தன் வழியில் போனது.

அடுத்த வாரம் ஒரு மண்புழுவைப் பார்த்தும் அப்படியே நின்றான்.

முயல்கள் மனு கொடுத்தன. சபையிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்து நாளுக்குள் மனத்தகுதிச் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் வேலை போய்விடும். சான்றிதழ் கொடுக்க அதிகாரம் பெற்ற இடம் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்று: டாக்டர் குழிவேலுவின் பாதாள மனநல மையம்.

"போயிட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி ரஞ்சிதம். "வேலை போனா இந்தப் பொந்தையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. நாலு குட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

"அங்க போனா மனசத் தோண்டுவாங்களாம்."

"தோண்டட்டுமே. உங்க மனசுல அப்படி என்ன இருந்துடப் போகுது?"

அடைக்கலம் வாலை நக்கிக்கொண்டான்.

டாக்டர் குழிவேலு ஒரு பெருச்சாளி. கப்பலேறி ஏழெட்டு நாடு சுற்றியவர். எல்லா நாட்டையும் கப்பலின் அடித்தட்டில் இருந்தபடியேதான் பார்த்தார் என்றாலும், ஆழத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பெரிய தகுதி வேறில்லை என்று காடு நம்பியது. அவருடைய வளை வாசலில் வரிசை ஆலமரம் வரை நீண்டிருந்தது. தூக்கத்தில் பேசும் கிளி, தன் நிழலைக் கண்டு வெட்கப்படும் மயில், காரணமே இல்லாமல் அழும் ஒரு கழுதைப்புலி. முன்னால் உட்கார்ந்திருந்த ஆமை அடைக்கலத்துக்கு நாற்பத்து மூன்றாம் எண் டோக்கனையும் ஒரு படிவத்தையும் தந்தது. 'அடிமனத்தில் உள்ளவற்றின் பட்டியல். இரண்டு பிரதி.'

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அது எப்படிங்க அடிமனசு?" என்றான் அடைக்கலம்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்கறதுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

பின்னால் நின்ற கழுதைப்புலி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டது.

முறை வந்தது. டாக்டர் குழிவேலு மீசையை நீவிவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு நாட்டில் ஒரு தேவி பாதாளத்துக்கு இறங்கினாளாம், ஏழு வாசலிலும் ஒவ்வொரு நகையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வெறும் உடம்போடு நின்றாளாம். இன்னொரு நாட்டில் செத்த பெண்டாட்டியை மீட்க ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டே போனானாம், திரும்பிப் பார்த்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டானாம். வேறொரு நாட்டில் செத்தவனுடைய இதயத்தைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் ஒரு இறகை வைப்பார்களாம். நம் பக்கத்தில் எமன் வாசலில் ஒரு பையன் மூன்று நாள் பட்டினி கிடந்தானாம்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

"கதைங்க."

"அதுதான் இல்லை! அந்தப் பாதாளம் மண்ணுக்குக் கீழே இல்லை அடைக்கலம். மனசுக்குக் கீழே. நாம புதைச்சு வச்சதெல்லாம் அங்க உக்காந்திருக்கு. கீழ இறங்கணும், அதை நேருக்கு நேர் பார்க்கணும். கீழ எது வந்தாலும் பயப்படாதீங்க. அது நீங்கதான். கட்டிப்பிடிச்சுக்கங்க."

"நீங்க கீழ போயிருக்கீங்களா டாக்டர்?"

"நான் எதுக்குப் போகணும்? எனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே."

ஏழு வாசல் என்று பலகையில் எழுதியிருந்தது. வளையில் மூன்று திருப்பம்தான் இருந்தது. மீதி நான்கும் உள்முகமானவை என்று ஆமை விளக்கியது. முதல் திருப்பத்தில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதில் செல்போனை. மூன்றாவதில் வாங்க ஒன்றுமில்லாததால் ஒரு ரசீது கொடுத்தார்கள். அதற்கப்பால் அவன் தனியாக இறங்கினான்.

அடியில் ஒரு சிறிய அறை. எதிர்ப்பக்கம் ஆற்றங்கரையைப் பார்த்து இன்னொரு துவாரம் இருந்தது. அதன் வழியாக மத்தியான வெயில் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் ஒரு நாகம் சுருண்டு கிடந்தது.

அடைக்கலத்தின் கால்கள் வழக்கம்போல நின்றுவிட்டன. ஆனால் டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. நின்ற இடத்திலேயே முன்னங்கால்களை அகல விரித்தான்.

"வா," என்றான். "நீ நான்தான்."

நாகம் தலையைத் தூக்கியது. "நீங்கதாங்க நானு," என்றது மெல்லிய குரலில். "வாங்க. நான் பயப்படல."

"இல்ல. நீ என்னோட அடிமனசு."

"அய்யய்யோ, நீங்கதான் என்னோட அடிமனசு. நான் முன்பதிவு பண்ணிட்டு வந்திருக்கேன்."

"என் டோக்கன் நாற்பத்து மூணு!"

"எனக்கு ஆன்லைன். ஆத்துப்பக்கம் வாசல் இருக்கு, அப்படியே வந்துடுங்கன்னு சொன்னாங்க. இனம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, நீளம்னு எழுதிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். அடைக்கலம் எட்டி அதன் வாலை ஒரு விரலால் தொட்டான். குளிர்ந்திருந்தது. அது நாக்கை நீட்டி அவன் மூச்சை முகர்ந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

நாகத்தின் பெயர் சொர்ணம். ஓடலாம் என்றால் அவளுக்கு உடம்பில் தெம்பில்லை, அவனுக்குக் கால் நகரவில்லை. அதனால் பேசினார்கள்.

"மூணு வருஷமா எனக்குப் படம் விரியறதில்லைங்க," என்றாள் சொர்ணம். "விஷம் ஊறுது, இறங்க மாட்டேங்குது. தவளை, எலி எது முன்னால வந்தாலும் ஒரு குரல் கேக்கும். அதோட வாய் மூடிக்கும். இப்ப முட்டை கிடைச்சாச் சாப்பிடறேன், இல்லாட்டி இல்ல."

"என்ன குரல்?"

"ஆத்தோரப் புத்துல இருந்தேன். ரெண்டு கீரி வந்துச்சு. நான் எட்டிப் பார்த்ததும் பெரிசு வெலவெலத்துப் போச்சு. பக்கத்துல நின்ன சின்னதப் பிடிச்சு என் மேல தள்ளிவிட்டுட்டு ஓடிருச்சு. சின்னது என்னைப் பார்க்கவே இல்லைங்க. ஓடினதையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. 'அண்ணே'ன்னுச்சு. நான் பயத்துல கடிச்சுட்டேன். அந்தக் குரல்தான்."

அடைக்கலம் பிளந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தான். பிறகு மூன்று வருஷமாக ரஞ்சிதத்திடமும் சொல்லாததை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாததைச் சொன்னான்.

"அந்தப் பெரிசு நான்தான்."

"தெரியும்," என்றாள் சொர்ணம். "நாக்கை நீட்டினதுமே வாசனை தெரிஞ்சுருச்சு. நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்."

அடைக்கலம் அழுதான். சபையில் அழுத அழுகை வேறு, இது வேறு. இந்த அழுகையில் மூக்கு ஒழுகியது, வார்த்தை வரவில்லை, அசிங்கமாக இருந்தது. சொர்ணமும் அழுதாள். பாம்புக்கு இமையும் கிடையாது, கையும் கிடையாது, அதனால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. அழுது முடித்தபோது அவனுடைய கால்கள் லேசாகிவிட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். நான்கும் நகர்ந்தன.

அப்போது மேலே திருப்பத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"அற்புதம்! அற்புதம்!" டாக்டர் குழிவேலு குறிப்பேடும் கையுமாக இறங்கி வந்தார். "வரிசை நகரலையேன்னு பார்க்க வந்தேன். எல்லாம் எழுதிட்டேன். தம்பியைத் தள்ளினது, சபையில பொய் சொன்னது, ஒரு வரி விடல. முழு அறிக்கை இன்னைக்கே சபைக்குப் போகும்."

அடைக்கலம் குறிப்பேட்டைப் பார்த்தான். "அறிக்கை எதுக்குங்க டாக்டர்? சான்றிதழ் மட்டும் போதுமே."

"அறிக்கை இல்லாம சான்றிதழ் ஏது? நீங்க குணமாயிட்டீங்க. வேலை போயிடும், அது வேற துறை." பேசிக்கொண்டே அவர் சொர்ணத்தின் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது. "ஆகா! இதுதான் நீங்க கண்ட பாம்பா? எனக்கே தெரியற அளவுக்கு எப்பேர்ப்பட்ட படிமம்! எத்தனை தத்ரூபம்!"

"டாக்டர், நான் படிமம் இல்லைங்க," என்றாள் சொர்ணம்.

"பேசவும் செய்யுது!" என்றார் டாக்டர். அவளுடைய தாடையைத் திறந்து பல்லை எண்ண ஆரம்பித்தார்.

அழுது ஓய்ந்தவளின் காதில் இப்போது அந்த 'அண்ணே' கேட்கவில்லை. சொர்ணத்தின் கழுத்தில் ஏதோ அசைந்தது. விரிந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளுடைய படம் முழுசாக, குடை மாதிரி விரிந்தது. டாக்டர் "என்ன அழகு" என்று சொல்லி முடிக்கவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அடைக்கலத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான். குறிப்பேட்டை எடுத்தான், கிழித்தான், ஒவ்வொரு தாளாக மென்று விழுங்கினான். டாக்டர் உடம்பு பெருத்தவர். சொர்ணத்தின் வாய்க்குள் பாதி போனவர், மீதி போக நேரமெடுத்தார். அவள் தாடை அகன்று, கண் பிதுங்கி, சுவரோடு சாய்ந்து கிடந்தாள். மூன்று வருஷப் பசி. இரண்டு கண்களிலும் அப்படியொரு நன்றி. அவனைப் பார்த்து வாலை மெல்ல ஆட்டினாள்.

அடைக்கலம் அவளைப் பார்த்தான். நல்லவள். அவனைச் சபிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, அவனாகச் சொல்லும்வரை காத்திருந்தாள். உலகத்தில் அவனை முழுசாகத் தெரிந்த ஒரே உயிர்.

அதுதான் இடித்தது. உலகத்தில் ஒரே உயிர்.

கால்கள் நன்றாக வேலை செய்தன. மயிர் சிலிர்த்தது. அவளுடைய கழுத்தின் பின்பக்கம், சரியான இடம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இடம். வாய் நிறைய டாக்டர் இருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, இழுத்து வந்த நாகத்தைப் பார்த்து வரிசை முழுக்கச் சிதறி ஓடியது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து கை தட்டியது. சபைச் செயலாளரான நாரை அன்று சாயங்காலமே கூட்டம் போட்டது. டாக்டரை விழுங்கிய கொடிய நாகத்தைப் பாதாளம் வரை துரத்திச் சென்று கொன்ற வீரருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. மையத்துக்கு ஒரு புதிய இயக்குநர் வேண்டியிருந்தது. அடி வரை போய் நாகத்தோடு திரும்பி வந்தவர் காட்டிலேயே ஒருவர்தான்.

அடைக்கலம் பதவி ஏற்றதும் போட்ட முதல் உத்தரவு, கீழறையைக் கல் வைத்து அடைப்பது. மேலே பூந்தொட்டி வைத்தார்கள். இப்போது சிகிச்சை முதல் திருப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கழுதைப்புலிக்குக்கூடச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அது இன்னும் அழுகிறது, ஆனால் சான்றிதழோடு அழுகிறது.

"கீழ என்னதாங்க இருந்துச்சு?" என்று ரஞ்சிதம் ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மண்ணுதான்," என்றான் அடைக்கலம். படுத்தான். கண்ணை மூடியதும் தூங்கிப்போனான். கனவுகூட வரவில்லை.

நீதி: மனத்தின் அடியில் புதைத்து வைத்திருப்பதை ஒருமுறையாவது தோண்டி எடுத்துவிடுங்கள். முதல் தடவை அவசரத்தில் புதைத்தது. இந்தத் தடவை இன்னும் ஆழமாகப் புதைக்கலாம்.