ஆறாயிரம் அடி

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சபதம் போட்டார். அப்பா சபதம் போட்டால் வீட்டில் வேறு யாருக்காவது வேலை கூடும். இந்தத் தடவை எனக்கு.

சண்டை ஹாலுக்காக. அப்பா வீட்டுக்குப் பிளான் வரைகிறவர். ஊருக்கெல்லாம் காற்றோட்டமாக வரைந்து கொடுப்பார். எங்கள் ஹாலில் அவருடைய மேசை, சுழல் நாற்காலி, சாய்வு நாற்காலி, மூன்று அலமாரி. மிச்ச இடத்தில் தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு போனோடு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பு. நான் பத்தாவதோடு நின்றவள். படிப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஜன்னலோரம் மிஷினில் தலையணை உறை தைக்கிறேன்.

நாலு மாசமாக இரண்டும் உட்கார்ந்தே கிடந்தன. சனிக்கிழமை எங்கள் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது தம்பி பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். ஏழு வயசு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, சுலபத்தில் பயப்பட மாட்டாள். அன்றைக்குப் பயந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆளுக்கொரு கைப்பட்டை வந்திருந்தது. கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். தினமும் ஆறாயிரம் வேண்டும், சாயங்காலம் கணக்கைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்றார் விளையாட்டு வாத்தியார்.

"ஹாலைக் காலி பண்ணுங்க. பிள்ளைங்க ஓடணும்," என்றாள் அம்மா.

"நான் எங்க போய் வரையறது?"

"ஊருக்கே பிளான் போடறீங்க. உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கோங்க."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாம, நாளையிலேருந்து சனிக்கிழமை வரைக்கும், தினம் ஆறாயிரம் நடக்க வைக்கிறேன். தவறினா ஹால் உனக்கு."

"சரி."

அம்மா ஒரே வார்த்தையில் சரி என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை உண்மையாகவே முயற்சி செய்தார். தம்பி மேசைக்காலில் முட்டியை இடித்துக்கொண்டான். தங்கை யாரோ ஒருவரின் மாடிவீட்டு பிளான் மேல் மையைக் கொட்டினாள். மணி மூன்று. அவனுக்கு எண்ணூற்றுச் சொச்சம், அவளுக்கு எழுநூற்றுச் சொச்சம். ஆறு மணிக்கு அம்மா வந்துவிடுவாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பா என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெடலில் இருந்த காலைப் பார்த்தார்.

"ஏம்மா, நாள் பூரா சும்மாதானே மிதிக்கிறே?"

"தைக்கிறதுக்கு மிதிக்கிறேன்."

"இதையும் சேர்த்து மிதி."

இரண்டு பட்டையையும் பெடலில் வைத்து, என்னுடைய நீல நூலை எடுத்தே கட்டினார்.

"அம்மா கேட்டா சொல்லிடுவேன்பா. எனக்குப் பொய் வராது."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா நான் ஏன் சொல்றேன்?"

"அது போதும்."

அன்றைக்குத் தப்பித்தார். செவ்வாய்க்கிழமை காலையிலேயே கட்டிவிட்டார். பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தார்கள், அப்பா வரைந்தார், நான் மிதித்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் கை கழுவிவிட்டு ஒரு பட்டையை எடுத்தாள். "ஆறாயிரத்து இருநூத்திப் பதினாலு." அடுத்ததை எடுத்தாள். "ஆறாயிரத்து இருநூத்திப் பதினாலு."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கையைக் கோத்துக்கிட்டே நடந்தாங்க," என்றார் அப்பா. "என்ன ஒத்துமை, தெரியுமா."

"அப்பா," என்றான் தம்பி, "இன்னிக்கு நாங்க எவ்வளவு நடந்தோம்?"

அம்மா பட்டையிலிருந்து ஒரு நீல இழையை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னிக்கு எத்தனை உறை தச்சே?"

"பதினொண்ணு."

"நல்ல நடை," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து என்னவோ எழுதினாள்.

புதன்கிழமையும் பெடல்தான் நடந்தது. வியாழக்கிழமை விளையாட்டு வாத்தியாரிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் பிள்ளைகள்தான் பள்ளியிலேயே முதல். சின்ன வீட்டில் எப்படி ஓட வைக்கிறீர்கள் என்று சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா நேரலையில் காட்ட வேண்டும். எல்லாப் பெற்றோரும் பார்ப்பார்கள்.

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "நான்தான் ஓட வைக்கிறேன்னு இவருக்கு யார் சொன்னா?"

"நான்தான். எங்க வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தலன்னு பெருமையா எழுதினேன்."

"முடியாதுன்னு சொல்லிடு."

"சொல்றேன். ஏன்னு கேப்பார்." அம்மா என் பக்கம் திரும்பினாள். "அதை வேணா இவகிட்ட கேட்டு எழுதிடவா?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம், வேண்டாம்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பூராவும் வீடு கிறீச்சிட்டது. மேசை படுக்கையறைக்குப் போனது. அலமாரிகள் சமையலறைப் பக்கம் போயின. நாற்காலிகள் கட்டில்மேல் ஏறின. காலி ஹாலில் சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்தார். அது மட்டும் அழகாக இருந்தது. தவளை மாதிரி தாவு, நண்டு மாதிரி நட, அப்பாவைப் பிடி. பிள்ளைகள் விடவே இல்லை. சாயங்காலம் தம்பிக்கு ஏழாயிரத்து முப்பது, தங்கைக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். வேறு வேறு எண். அம்மா இரண்டையும் படித்துவிட்டுத் தம்பியின் தலையைத் தடவினாள்.

சனிக்கிழமை அமோகம். வாத்தியாரே கை தட்டினார். போனை அணைத்த கையோடு அப்பா மேசையின் ஒரு முனையைத் தூக்கினார்.

"எங்க தூக்கறீங்க?"

"ஹாலுக்கு. வாரம் முடிஞ்சுதே. ஒரு நாளாவது குறைஞ்சுதா?"

"ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாமன்னு யார் சொன்னது?"

அப்பா கட்டில்மேல் இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். மேசையைக் கீழே வைத்தார்.

இப்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்து காற்றோட்டமான வீடுகளை வரைகிறார். அந்தப் பக்கம் ஹால் அதிர்கிறது. தம்பி இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறான்.

போன வாரம் வாத்தியார் மூன்றாவதாக ஒரு பட்டை அனுப்பினார். அப்பாவுக்கு. அம்மாதான் கேட்டு வாங்கினாள். நேற்று மதியம் அவர் அதைக் கழற்றிக்கொண்டு பூனை மாதிரி வந்து என் பெடல் பக்கம் குனிந்தார். பெடலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'எழுந்து ஓடுங்க.'

அம்மா அதைக் காலையில் ஒட்டும்போதே நான் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.