உள்ளே வந்த சேதியும் வெளியே போன சேதியும்

திண்டிவனம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மரிய அருண் அவர்களுக்கு மாமனார் அருள்நாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் உடம்புக்கு நலம், எனக்கு மனசுக்குத்தான் இல்லை. உங்கள் நலமும் மகள் நலமும் அறிய ஆவல்.

ஈஸ்டருக்கு வந்தபோது, கம்பெனியில் உங்களுக்கு என்னதான் வேலை என்று கேட்டேன். ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் மிடில்வேர் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வந்து சேருவது இன்பவுண்டு, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி உருவை மாற்றி அனுப்புவது அவுட்பவுண்டு என்றீர்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இது புரியாதா? விழுப்புரத்துக்காரன் கணக்கில் போன வண்டிதான் நம்ம கணக்கில் வந்த வண்டி. உருவைத்தான் மாற்றலாம், விஷயத்தை மாற்றக் கூடாது என்றும் சொன்னீர்களாம். அந்த நேரம் நான் கறி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம்ம சின்ன மகள் டயானாவுக்கு விழுப்புரத்தில் சம்பந்தம் முடிவானது உங்களுக்குத் தெரியும். கல்யாணம் எந்த ஊர் கோயிலில் என்று உங்கள் மாமியாருக்கும் பையனின் அம்மா ஜாக்குலினுக்கும் தகராறு முற்றி, பேச்சே நின்றுபோனது. அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாணத்தை ஊரறிய அறிவிக்கிற முதல் ஓலை வாசித்தாக வேண்டும். சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்து நானே நடுவில் உட்கார்ந்தேன். "அவங்க ஊரு கோயில்ல தாலி கட்டறதுன்னா நான் வரவே மாட்டேன், போய்ச் சொல்லுங்க"ன்னு இவள் சொன்னாள். நான் போன் போட்டு, "உங்க கோயிலு ரொம்ப அழகுன்னு மேரி சொல்லிக்கினே இருக்கா"ன்னேன். "திண்டிவனத்துல கார் நிறுத்தக்கூட எடமில்ல, பொண்ணு வீட்டுக்கு இவ்ளோ வாயா?"ன்னாங்க அந்தம்மா. இவளிடம், "திண்டிவனம்னா அவங்களுக்கும் சவுகரியமாம்"னு சொல்லி வச்சேன். ரெண்டு பக்கமும் குளிர்ந்துபோச்சு. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

அடுத்தவங்கதான் விட்டுக் கொடுத்தாங்கன்னு ரெண்டு பேரும் நெனச்சிக்கினாங்க மாப்பிள்ளை. இவள் நம்ம சாமியாரிடம் தேதி சொல்லிட்டாளாம், அந்தம்மா விழுப்புரத்துச் சாமியாரிடம் சொல்லிட்டாங்களாம். அதே நாள், அதே பத்து மணி. "நான் எந்தக் கோயிலுக்கு வர்றதுப்பா, அவரு எந்தக் கோயில்ல நிப்பாரு?"ன்னு டயானா கேட்டுட்டு சிரிக்கிறா. உண்மையைச் சொன்னா ரெண்டு பொம்பளைங்களும் ஒண்ணா சேர்ந்துக்குவாங்க, என்னை வெட்டறதுக்கு. ஜல்தியா கெளம்பி வாங்க. வெளியே போன சேதியத் திருப்பி எடுக்க உங்க கம்பெனியில ஏதாவது வழி இருந்தா கேட்டுக்கினு வாங்க. போன்ல பேசினா உங்க மாமியார் காதுல விழும், அதனாலதான் கடுதாசி. தபால்ல போடச் சொல்லி டயானாவை நம்பிக் கொடுத்தனுப்பறேன்.

மாதாவின் ஆசீர் உங்கள் இருவருக்கும் நிறைய கிடைக்கட்டும். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அ. அருள்நாதன்

பி.கு.: மாப்ள, நான் உங்க மாமியார் சூசை மேரி. டயானா கவரை நேரா என்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டா. சண்டைக்கு மறுநாளே சம்பந்தியம்மா போன் பண்ணிட்டாங்க, தெனமும் பேசிக்கினுதான் இருக்கோம். இவரு இங்க ஒண்ணும் அங்க ஒண்ணும் சொல்றத சேத்து வச்சிப் பாத்து ரெண்டு பேருக்கும் சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குது. கல்யாணம் நம்ம கோயில்ல, விருந்து விழுப்புரத்துல. விழுப்புரத்துச் சாமியாருகிட்ட யாரும் தேதி சொல்லவே இல்ல, அது நாங்க ரெண்டு பேரும் சேந்து இவருகிட்ட கட்டி விட்ட கதைதான். ரிட்டயர் ஆனதுலேர்ந்து பேஜாரா உக்காந்திருந்த மனுஷன், இப்பதான் காலையிலேயே சட்டை போட்டுக்கினு சுறுசுறுப்பா இருக்காரு. ஓலை படிக்கிற வரைக்கும் இருக்கட்டும், சொல்லிடாதீங்க. பதில அவரு பேருக்கே போடுங்க. நான் பிரிச்சிப் படிச்சி, மாத்த வேண்டியத மாத்திட்டு அவருகிட்ட குடுக்கறேன்.