பூலா வேலியும் ஊதா வியாதியும்

என் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் ஏழெட்டுக் கொடிய வியாதிகள் வந்துவிட்டன. எல்லாம் என் மனத்தில்தான். (எட்டாம் வகுப்புப் படிப்பும் ஒரு வீட்டு வைத்தியப் புத்தகமும் சேர்ந்தால் இப்படித்தான்.)

அவள் பிறப்பதற்கு முன்பே அவனியாபுரத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். கொல்லைக்குக் கிளுவை வேலி போதும் என்றார் என் கணவர். நான்தான் பிடிவாதமாகப் பூலாக் குச்சிகளை ஊன்றினேன். பூலாப்பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிது. கன்னங்கரேலென்று இருக்கும், நசுக்கினால் மை. அதைத் தின்னக் குருவிகள் வரும், வந்தால் கத்தரிச் செடியின் புழுக்களையும் தின்னும் என்பது என் எண்ணம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தேன். இரண்டாம் வருஷம் வேலி நிறையப் பழம், பழத்துக்கு ஒரு கொண்டைக்குருவி. பெருமை தாங்கவில்லை. குழந்தையின் துணிகளையும் அந்த வேலிமேல்தான் உலர்த்துவேன்.

ஒருநாள் மத்தியானம் துணிகளை மடிக்கும்போது பார்க்கிறேன், எல்லாவற்றிலும் கருஊதாக் கறை. காலையில் வெள்ளையாக அலசிப் போட்டது நினைவுக்கே வரவில்லை. குடலில் ரத்தம் கட்டிவிட்டது என்று முடிவு செய்தேன். கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகப் பட்டது.

"ஏங்க, ஓடுங்க! பிள்ளைக்கு ஊதாவாப் போகுது!"

சாப்பாட்டில் இருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி, டாக்டரை ஜட்காவில் கூட்டிவந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. நான் வைத்தியப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர் வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார். குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.

"பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கா. துணிய எங்க தாயி காயப்போட்டே?"

வேலியடிக்கு அழைத்துப்போனேன். குனிந்து செடியைப் பார்த்தவரின் தோளில், மேலே பறந்த குருவியின் எச்சம் சொத்தென்று விழுந்தது. அதே கருஊதா.

டாக்டர் தோளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்கும் வந்திருச்சு தாயி. எம்புட்டு நாள் தாங்குவேன்னு உன் புத்தகத்துல பாத்துச் சொல்லு."

அன்று சாயங்காலமே அரிவாளுடன் போனார் என் கணவர். கிளையை விலக்கினால் உள்ளே கூடு, இரண்டு குஞ்சுகள். தாய்க்குருவி எங்கள் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தித் தீர்த்தது. அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம். இதுவும் ஒன்னையப் போலவே ஒருத்தி."

வேலி தப்பியது; துணி உலர்த்தத்தான் வாசல்பக்கம் ஒரு கொடிக்கயிறு கட்டினோம். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டால், "அம்மா, முதல்ல வேலியப் பாத்துட்டு வா" என்கிறாள்.

(பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.)