பொதுமக்கள் வந்துவிட்டார்

தர்மபுரி மாவட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிக் கைடுக்குப் பயப்படாதவர் உண்டு, கடவுளுக்குப் பயப்படாதவர் உண்டு, பொதுமக்களுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. இயற்பியல், கணிதம், வரலாறு, ஆங்கில இலக்கியம் என்று எத்தனை துறை உண்டோ அத்தனையிலும் ஒரே மனிதர் நுழைந்து கேள்வி கேட்டிருக்கிறார் என்றால், அது எங்கள் பொதுமக்கள்தான். அவருடைய சொந்தத் துறை தக்காளி.

மாரண்டஹள்ளியில் மண்டி வைத்திருப்பவர். விடியற்காலையில் ஏலம் விட்டு முடித்தால் அன்றைய பிழைப்பு முடிந்தது. மீதிப் பகல் முழுக்க அவருக்குச் சும்மா கிடக்கிறது. அதை அவர் உயர்கல்விக்கு ஒதுக்கியிருக்கிறார்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். பிஎச்.டி.க்கு ஆராய்ச்சி செய்கிறவர் கடைசியாக ‘வைவா’ என்று ஒன்றில் நிற்கவேண்டும். வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் என்று ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால், ஊர் முன்னால், தன் ஆராய்ச்சியை விளக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ‘பொதுமக்கள் பங்கேற்கலாம்’ என்று அறிவிப்பே ஒட்டுவார்கள், எந்தப் பொதுமக்களும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில். நாற்காலியை நிரப்ப வகுப்பிலிருந்து பிள்ளைகளை ஓட்டி வந்து, வாயைத் திறக்கக்கூடாது என்று மிரட்டி, கேசரியும் போண்டாவும் கொடுத்து அனுப்புவது வழக்கம்.

நம்ம ஆள் ஒருநாள் மகளுடைய டி.சி. வாங்கக் கல்லூரிக்கு வந்திருக்கிறார். கிளார்க் சாப்பிடப் போய்விட்டார். பக்கத்து அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். கையில் போண்டா வந்தது. “கேள்வி ஏதாவது உண்டா?” என்று மேடையிலிருந்து மரியாதைக்குக் கேட்டார்கள். இவர் எழுந்து நின்றுவிட்டார்.

“யார் நீங்க?”

“வெளிய போர்டுல போட்டிருக்கீங்களே, பொதுமக்கள். அது நாந்தானுங்க.”

அன்றைக்கு நடந்தது வேதியியல் வைவா. புளியங்கொட்டையைக் கரியாக்கித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சி. இவர் கேட்டார்: “சின்ன வயசுல நாங்க புளியங்கொட்டைய வறுத்து மூட்டைக்கணக்குல தின்னுருக்கறமுங்க. அப்ப எங்க வயிறெல்லாம் சுத்தமாத்தான் இருக்குமுங்களா?” கூட்டம் சிரித்தது. வேதியியல்காரர் சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததே இல்லையாம். பதில் சொல்லி முடிப்பதற்குள் கேசரி ஆறிப்போனது.

அதிலிருந்து அவர் ஒரு வைவாவையும் விடுவதில்லை. அறிவிப்புப் பலகை பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வருவார். நுழைந்ததும் முதல் வேலை, மேஜைமேல் இருக்கும் தீசிஸைக் கையில் தூக்கி எடை பார்ப்பது. மண்டிப் பழக்கம். வரலாற்றுத் துறை தீசிஸ் என்றால் “நல்ல கனமுங்க” என்று தலையாட்டுவார். கணிதத் தீசிஸ் ஒல்லியாக இருந்தது. ஸ்காலரைப் பரிதாபமாகப் பார்த்து, “ஏங் கண்ணு, இந்த வருசம் வெளைச்சல் கம்மியா?” என்றார்.

அந்தக் கணித வைவாவில் கைடே கதிகலங்கினார். பொதுமக்கள் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுவிட்டுக் கடைசியில் எழுந்தார்.

“இதுல தப்பு இருந்தா யாருக்குங்க தெரியும்?”

ஸ்காலர் நேர்மையான பையன். “உலகத்துல ஒரு ஆறேழு பேருக்குத் தெரியும் சார்.”

“அவங்க ஏங்க இன்னிக்கு வரல?”

நடுகல் ஆராய்ச்சி செய்த பெண்ணிடம், “மாட்ட மீட்கறதுக்குச் சண்ட போட்டுச் செத்தாரு, கல்லு நட்டாங்க, சரிங்க. அந்த மாடு கடைசில யாரு வூட்டுக்குப் போச்சு?” என்றார். ஆங்கில நாவல்களில் பெண்களின் தனிமை என்று ஒருவர் ஒருமணி நேரம் பேசினார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க, அந்தம்மாவுக்கு ஒரு அக்கா தங்கச்சி கூடவா இல்ல?” என்று கேட்டார். இல்லை என்றதும் மனசு தாங்காமல் இன்னொரு போண்டா எடுத்துக்கொண்டார்.

எல்லாக் கேள்வியும் இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். தாவரவியல் வைவாவில் தன் தோட்டத்துத் தக்காளி இலை சுருண்டதற்கு அந்தத் துறைத்தலைவர்தான் பொறுப்பு என்று அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். கடைசியில் டீ கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். தலைமுடி இருந்த காலத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். முடி போனது, பிஎச்.டி. வரவில்லை. போன வருஷம் நிர்வாகம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது: அடுத்த ஜூனுக்குள் பெயருக்கு முன்னால் முனைவர் வரவேண்டும், இல்லாவிட்டால் என் மேஜையில் வேறு ஆள் வருவார். மகள் பிளஸ் டூ. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வைவா போனால் நானும் போனேன்.

என் தலைப்பு: ‘சாலையோர உணவகங்களில் லாரி ஓட்டுநர்களின் மனநிறைவு – தொப்பூரைச் சிறப்பாகக் கொண்டு.’ எங்கள் துறையில் எதையும் ஏதாவது ஓர் ஊரைச் சிறப்பாகக் கொண்டுதான் செய்வோம். ஊரை மாற்றினால் அடுத்த ஆளுக்கு ஒரு பிஎச்.டி.

பொதுமக்கள் மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தக்காளி லாரியோடு தொப்பூர் வழியாகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அங்கே எந்தக் கடையில் எந்தச் சட்டினி புளிக்கும் என்று நாக்கால் அறிந்தவர். தக்காளி விலை ஏறி மண்டியில் அவருக்கு நகரமுடியாதபடி வேலை வரட்டும் என்று மாரியம்மனிடம் விண்ணப்பம் வைத்தேன். அம்மன் விலையை ஏற்றினாள். அவர் சந்தோஷமாக இரண்டு கிலோ தக்காளியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

“பொதுமக்கள் வந்துட்டாரு” என்று என் கைடு காதில் சொன்னார், மேகம் கறுத்துவிட்டது என்பதுபோல.

மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் என் மனைவி. எதிரே எக்ஸ்டர்னல், இஸ்திரி கலையாத மனிதர். நான் ஆங்கிலத்தில் ‘குட் மார்னிங்’ சொன்னேன். நன்றி சொன்னேன். தலைப்பை வாசித்தேன். அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஒய் தொப்பூர்?”

அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்த ஆங்கிலம் மொத்தமும் என்னைவிட்டுப் போய்விட்டது. இருபது வருஷமாக டெபிட், கிரெடிட் என்ற இரண்டு வார்த்தையில் காலம் தள்ளியவன் நான். அந்த இரண்டுமே அங்கே உதவவில்லை. கைடு கூரையை ஆராயத் தொடங்கினார். “டேக் யுவர் டைம்” என்று சொல்லிவிட்டு எக்ஸ்டர்னல் பேனாவை மூடி வைத்தார். அவர் மூடியது என் வேலையை என்று எனக்குப் பட்டது. தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது முதல் வரிசையிலிருந்து ஏலக் குரல் எழுந்தது.

“சார், எனக்கு ஒண்ணுமே புரியலீங்க!”

எக்ஸ்டர்னல் திரும்பினார். “யார் இவர்?”

“பப்ளிக் சார்” என்றார் கைடு, ஈனஸ்வரத்தில்.

“கேள்வியெல்லாம் கடைசியில கேக்கலாம், உக்காருங்க.”

“கடைசில கேக்கறதுக்கு மொதல்ல புரியணுமில்லீங்க? தமிழ்ல சொல்லச் சொல்லுங்க சார். பொதுமக்கள் வரலாம்னு போட்டுட்டு, புரியாம ஒக்கார வெச்சா எப்பிடிங்க?”

எக்ஸ்டர்னல் என் பக்கம் திரும்பினார். “சரி, அவருக்கே சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்.”

நான் எக்ஸ்டர்னலைப் பார்ப்பதை விட்டேன். பொதுமக்களைப் பார்த்து, டீக்கடையில் பேசுவதுபோல ஆரம்பித்தேன். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது, அங்கே லாரிக்காரர்கள் எதற்காக நிறுத்துகிறார்கள் என்று சொன்னேன். அவர் “ஆமாங்க”, “அப்பறம்?” என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு ருசியா என்று எந்த டிரைவரும் பார்ப்பதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து தன் லாரி கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார் என்றேன். பேச்சு வேகத்தில், தீசிஸில் இல்லாத ஒன்றும் வந்து விழுந்தது. ஒரு டிரைவர் என்னிடம் சொன்னார்: “எறங்கறதுக்கு முன்னாடி பிரியாணி தின்னாலும் தொண்டைல எறங்காது சார். எறங்கி முடிச்சிட்டா பச்சத்தண்ணியும் பாயசம்.”

எக்ஸ்டர்னல் நிமிர்ந்தார். “இது தீசிஸ்ல எங்க இருக்கு?”

“இல்லீங்க சார்.”

“ஏன்?”

“எங்க கேள்வித்தாள்ல அஞ்சே கட்டந்தான் சார். ‘மிகவும் திருப்தி’யில ஆரம்பிச்சு ‘மிகவும் அதிருப்தி’ வரைக்கும். அந்த ஆளு சொன்னது எதுலயும் அடங்கல.”

அவர் சிரித்துவிட்டார். இஸ்திரி முதன்முறையாகக் கலைந்தது. “எல்லாரும் திருப்தின்னு எழுதியிருக்கீங்களே, இதுல என்ன ஆராய்ச்சின்னு கேக்கத்தான் வந்தேன். இப்ப சொன்னதை ஒரு பக்கம் எழுதிச் சேத்துக் குடுங்க” என்றார். பேனாவைத் திறந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக வாசித்தார். பிள்ளைகள் போண்டாவுக்காகக் கை தட்டினார்கள். பொதுமக்கள் எனக்காகத் தட்டினார். மூன்றாவது வரிசையில் கேட்ட வளையல் சத்தம் எனக்குப் பழக்கமானது.

ஆச்சரியம், அன்று கடைசியில் அவர் கேள்வியே கேட்கவில்லை. மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பிடிக்க நடந்தவரை வாசலில் மடக்கினேன்.

“அண்ணே, நெசமாவே புரியலீங்களா?”

“எனக்கு எந்த வைவாங்க புரிஞ்சிருக்குது, டாக்டரே? புரிஞ்சா வூட்லயே ஒக்காந்திருப்பன்.” பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: “மொத நாளு ஏலம் உடறவனுக்குத் தொண்ட கட்டிக்கும். கூட்டத்துல எவனாச்சும் ஒருத்தன் சத்தம் போட்டுட்டா பயம் உட்டுப் போயிரும். வரட்டுங்களா, பஸ்ஸு போயிரும்.”

தக்காளிப் பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றியும் அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததில்லை.

“யாருங்க அவரு, உங்க சித்தப்பா மொறையா? உங்க சொந்தத்துல இப்பிடி ஒரு நல்ல மனுசன் இருக்காருன்னு எங்கிட்ட சொல்லவே இல்லயே!”

“மாரண்டஹள்ளில இருக்காரு. தூரத்துச் சொந்தம்” என்றேன்.

இன்றுவரை நான் அதைத் திருத்தவில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முதல் பலகாரப் பொட்டலம் மாரண்டஹள்ளிக்குத்தான் போகிறது.