முதல் வரிசைக்காரர்

யார் முன்னால் போகலாம், யார் பின்னால் நிற்கலாம் என்று சொல்லும் அதிகாரம் கையில் விழுந்ததும் நடையே மாறிப்போகிற ஓர் இனம் உண்டு. முதல் வரிசைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பசிபிக் தீவு நாடான டோங்காவின் நெயாஃபு ஊரில் அவர் பெயர் கெலேபி.

தீவு அலுவலகக் கூரையில் ஒரே ஒரு சாட்டிலைட் தட்டு. அலுவலகம், பக்கத்துச் சிகிச்சை நிலையம், பள்ளிக்கூடம், எல்லார் பேச்சும் படமும் கடிதமும் அதன் வழியாகத்தான் கடல் தாண்டவேண்டும். நெரிசல் வந்தால் எதை முதலில் அனுப்புவது? அதற்காகக் கணினியில் கெலேபி நான்கு வரிசைகள் வைத்திருந்தார். முதல் வரிசையில் அலுவலகத் தலைவர் மோசேசே பார்க்கும் ரக்பி. இரண்டாவதில், தற்செயலாக, கெலேபியின் சினிமா. மூன்றாவதில் கடிதங்கள். நான்காவதில் ‘இதர’. சிகிச்சை நிலையம் இதரவில் இருந்தது. அவர்கள் ஃபாரம் தரவில்லையே, கெலேபி என்ன செய்வார்?

அந்தச் சனிக்கிழமை, தண்ணீரிலிருந்து துள்ளிய முரல் மீன் ஒன்று மீனவர் ஃபோலாவின் தொடையில் பாய்ந்து, ஊசி மூக்கு முறிந்து, பாதி வெளியே துருத்தியபடி நின்றுவிட்டது. நர்ஸ் ஹெய்லாலா தலைநகர் டாக்டரை வீடியோவில் பிடித்தார். டாக்டர் காயத்தை உற்றுப் பார்த்து, “அதை வெளியே இழுக்க…” என்றார். படம் உறைந்தது.

இழுக்கலாமா? இழுக்கக் கூடாதா? அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் இணைப்பு கிடைக்கவில்லை.

ஹெய்லாலா கெலேபியிடம் ஓடினார்.

“பத்து நிமிஷம் எங்களுக்கு வழி விடு, தம்பி.”

“எல்லாமே அவசரந்தான்க்கா. ஆனா முக்கியம்ங்கறது வேற. ஃபாரம் குடுத்தீங்களா?”

“ஆளு கால்ல மீன் குத்தி நிக்குது.”

“திங்கக்கிழமை குடுங்க, பரிசீலிக்கறேன்.”

திரும்பிப் போன ஹெய்லாலா ஐந்து நிமிடத்தில் ஃபோலாவைத் தள்ளுவண்டியோடு கொண்டுவந்து, நேரே தலைவர் அறைக்குள் நுழைந்து, ரக்பிக்கும் மோசேசேவுக்கும் நடுவில் நிறுத்தினார்.

“இந்த ரூம்லதான் நெட் வருதாம். நீங்க பாருங்கய்யா, நாங்க ஓரமா வைத்தியம் பாத்துக்கறோம்.”

தொடையில் துருத்திய மூக்கைக் கண்டதும் தலைவருக்கு வேர்த்தது.

“ஸ்கோர் என்னங்க?” என்று முனகினார் ஃபோலா.

“கெலேபி, மாத்துடா” என்றார் தலைவர்.

மாற்றியதும் டாக்டர் வந்தார். “இழுக்கக் கூடாதுன்னு கத்திட்டே இருந்தேன். பக்கத்துல பெரிய ரத்தக் குழாய். அசையாம கட்டி, பிளேன்ல ஏத்துங்க.”

ஃபோலா பிழைத்தார். கெலேபிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அது உண்மை. திங்கட்கிழமை சிகிச்சை நிலையத்தை அவரே முதல் வரிசையில் ஏற்றினார். செய்தி பரவிப் பள்ளிக்கூடம் கேட்டது, தேவாலயப் பாடகர் குழு கேட்டது, படகுத்துறை கேட்டது. கேட்டவர்களிடம் முகம் முறித்துப் பேச முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் ஊரே முதல் வரிசையில் நின்றது, ஒருவரும் நகராமல் நின்றது. ஆகவே முதலுக்கும் மேலே ஒரு வரிசை உண்டாக்கிச் சிகிச்சை நிலையத்தை அதில் வைத்தார். கூடவே தன் கைபேசியையும்.

“அங்க ஏதாவது கோளாறுன்னா எனக்குத்தானே முதல்ல தெரியணும்?”

சிரிக்கிறீர்களா? “முக்கியமான மீட்டிங், யாரும் வைஃபையைத் தொடாதீங்க” என்று வீட்டையே அதட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்களே, மகளின் பாடம் பாதியில் நின்றுபோன அந்த ஒரு மணி நேரம் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால், நீங்கள் என்னைக் கேட்பீர்கள்.