காருக்குள் யார் யார் என்ன ஊற்றினீர்கள்?

மரியாதைக்குரிய நல்லுசாமி மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகன் விக்னேஷ்குமார் திண்டுக்கல்லிலிருந்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் கன்னிவாடியில் நலமாகவே இருப்பீர்கள், உங்கள் கார்தான் இப்போது என் தலையில் இருக்கிறதே. போன் செய்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். தாளுக்குச் சிக்னல் தேவையில்லை.

கௌசல்யா அக்காவுக்கு நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஒரு வண்டி வேண்டும் என்றுதான் உங்கள் காரை விலைக்கு வாங்கினேன். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றும் முன், கடைசியாக எதை எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "எப்பவுமே ஊத்திக்கிட்டுத்தான்லே இருக்கோம்" என்றீர்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவனுக்குச் சொல்லும் பதிலா இது? நான் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றியதையா கேட்டேன்? பானெட்டைத் திறந்தால் ஆயில் அளவுக்கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. கூலண்ட் டப்பாவில் பச்சையும் சிவப்பும் கலந்து கேப்பைக்கூழ் மாதிரி கட்டிக்கிடக்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் புதுசை ஊற்றினால் அதுவும் கெடும், இஞ்சினும் கெடும். அதனால் லீவு போட்டு உங்கள் தெருவுக்கே வந்து விசாரித்தேன். நீங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டதாக அத்தை சொன்னார்கள். உங்கள் செருப்பு மட்டும் வாசலிலேயே கிடந்தது.

காதுகுத்து, கல்யாணம், பழனி என்று அந்தத் தெருவே உங்கள் காரை இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறது. ஓட்டிய ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் எதையாவது ஊற்றியிருக்கிறார்கள். அய்யனார் அண்ணன் டிராக்டருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆயிலை ஊற்றினாராம். எதிர்வீட்டு மாயக்காள் சின்னம்மா சிவப்புக் கூலண்ட். ஏன் என்று கேட்டால், "எரவல் வாங்குன பாத்திரத்த வெறுசாவா அப்பு திருப்பிக் குடுப்பாக? கொஞ்சம் சீனியாச்சும் போட்டுல்ல குடுக்கணும்" என்றார்கள். காரில் சீனி போடாதவரை பிழைத்தோம் என்று நினைத்தேன். அதற்குள் சின்னம்மா, அய்யனார் அண்ணன் பாட்டிலில் மிச்சம் வைத்த இஞ்சின் ஆயிலைக் குறைவாக இருந்த சின்ன டப்பாவிலும் ஊற்றியதாகப் பெருமையாகச் சொன்னார்கள். மாமா, அது பிரேக் ஆயில் டப்பா. இஞ்சின் ஆயில் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், பிரேக் பிடிக்காது. நிறைமாசக்காரிய ஏத்திக்கிட்டுப் போறப்ப நான் எதை மிதிக்கிறது, உங்க பெருந்தன்மையவா? எரவல் குடுங்க, வேணாங்கல. யாரு என்ன ஊத்துனாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கிட்டா என்ன கொறஞ்சுபோச்சு?

எல்லாவற்றையும் வடித்துவிட்டேன். பிரேக்கை மொத்தமாகக் கழற்றியாயிற்று. புது ரப்பர் வரும்வரை கார் செங்கல் மேல்தான் நிற்கும். முழு விவரம் தெரியாத எந்த வண்டியிலும் இனி அக்காவை ஏற்ற மாட்டேன், நானும் ஏற மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்களுக்கு உண்டான வணக்கம் கார் ஓடிய பிறகு.

இப்படிக்கு,
விக்னேஷ்குமார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்க முடியாது என்றாள். செங்கல் மேல் நின்ற காரைப் பார்த்துவிட்டு அவள் என்னைச் சொன்னதை எழுதுவதற்கில்லை. தெருவில் நின்றது தோல் மண்டி அல் அமீன் பாயின் லோடு ஆட்டோ ஒன்றுதான். அக்கா முன்னால், நான் பின்னால் உப்புத் தோல் கட்டின் மேல். பிரேக் போடும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கடைசி சர்வீஸ் எப்போது என்று நான் கேட்கவில்லை. "இன்னும் வெரசா போங்க பாய்" என்று மட்டும்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பெண் குழந்தை. இருவரும் நலம். நானும் தாய்மாமன் ஆகிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள் மாமா. நாளைக்கு என் மருமகள் கையில் கிடைத்தால், தாய்மாமனுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.