ஜெட்டுக்குக் கைகொடுத்தவர்

"சத்தம் பத்தாதுடா" என்று குளியலறை வாசலில் நின்று கவலைப்பட்டார் செயலாளர்.

உள்ளே அவருடைய மச்சான், ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை வாளிக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்குப் போகிற பெட்டிகள். இன்று அவற்றுக்கு ஜெட் விமான வேஷம்.

விஷயம் இதுதான். ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் குட்டி விமான நிலையத்தில் இதுவரை விசிறி சுற்றும் சின்ன விமானங்கள்தான் வந்து போயின. இப்போது ஓடுபாதையை ஏரிக்குள் நீட்டி ஜெட் விடப் போகிறார்களாம். குடியிருப்போர் சங்கம் கொதித்து எழுந்தது. "சோதனைக்கு ஒரு ஜெட் விடறோம். உங்க கட்டடத்து பால்கனியிலேயே அளந்து பாப்போம். சத்தம் அதிகம்னா திட்டமே வேண்டாம்" என்று விமான நிலையத்தார் இறங்கி வந்தார்கள். சங்கத்தின் செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் வீட்டு பால்கனியைக் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. புது ஜெட்டெல்லாம் அவ்வளவாகச் சத்தம் போடாதாமே! அளவில் குறைந்துவிட்டால்? அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். பகலில் தூங்கினால்தான் உண்டு. மேடையில் ஏரி, மீன், பறவை என்று என்னவெல்லாமோ பேசினாலும், அவர் மனசுக்குள் இருந்தது அவளுடைய தூக்கம்தான். பாவம், அது மட்டும் சத்தியமான உண்மை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. ஜெட் வரும்போது குளியலறையிலிருந்து கொஞ்சம் கைகொடுப்பது. சத்தத்தை அளக்கும் அதிகாரி வருவதற்குள் ஒத்திகை.

"போடுடா."

மச்சான் செல்போனில் ஒரு ஜெட் வீடியோவைப் போட்டான். ஜெட் உறுமியது. ஜன்னல் நடுங்கியது. செயலாளர் முகம் மலர்ந்தபோது ஒரு பெண் குரல் குழைந்தது: "உங்கள் கூந்தல் உதிர்கிறதா?"

"என்னடா இது?"

"விளம்பரம் மாமா. நடுநடுவுல வரும். நிறுத்த முடியாது."

"ஜெட்டு ஏன்டா ஷாம்பு விக்குது? எதையாவது போட்டு அமுக்கு!"

அமுக்குவதற்கு வாஷிங் மெஷினை ஓட்டினார்கள். அது சமர்த்தாகச் சுற்றியது.

"சத்தமே வராதுன்னு கடைக்காரன் சொன்னான். பாவி, நிஜத்தைச் சொல்லியிருக்கான்" என்று பல்லைக் கடித்தார் செயலாளர்.

"உள்ள ஏதாவது கனமாப் போடுவோம் மாமா. உடம்பைக் குறைக்கறேன்னு தம்புள்ஸ் வாங்கித் தொடாம வெச்சிருக்கீங்களே?"

தம்புள்ஸ் உள்ளே போனது. மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, ஒரு அடி முன்னால் வந்தது. கொஞ்சம் தயங்கியது. பிறகு துணிந்து ஹாலை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"பிடிங்க மாமா!"

பிடித்தால் நிற்கவில்லை. செயலாளர் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். இப்போது இருவருமாக ஹாலுக்குள் நுழைந்தார்கள்.

"நி... நி... நிறுத்துடா!"

"பட்டன் மேலதான் நீங்க உட்கார்ந்திருக்கீங்க!"

படுக்கையறைக் கதவு திறந்தது. தலைவிரி கோலமாக மனைவி நின்றாள்.

"ஏங்க, நான் தூங்கறதா வேணாமா?"

"உன் தூ... தூ... தூக்கத்துக்காகத்தாம்மா இவ்வளவும்!"

அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறு யார் வீட்டிலாவது படுத்துக்கொள்ளலாம் என்று வாசல் கதவைத் திறந்தாள். வெளியே, தட்டுவதற்கு ஓங்கிய கையோடு ஓர் ஆள். கழுத்தில் அடையாள அட்டை.

செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷின் மட்டும் ஓடியது.

"வாங்க சார்!" என்று அலறினார். "மேல ஜெட்டு போகுது! கேக்குதா?"

வந்தவரின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

செயலாளருக்கு வாயெல்லாம் பல். "காதைப் பொத்திட்டார்டா! இன்னும் ஏத்து!"

மச்சான் ஏற்றினான். வந்தவர் கையைக் கீழே கீழே காட்டினார்.

"தாழப் பறக்குதுங்கறார்! ஆமா சார், ரொம்பத் தாழத்தான் பறக்குது! தினமும் இதே கொடுமைன்னா மனுஷன் குடியிருக்க முடியுமா?"

வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் அரசாங்க ஊழியருக்கு இவ்வளவு ஈரமா!

"முழுசா ஏத்துடா!"

டப்!

ஃபியூஸ் போய்விட்டது. ஜெட் நின்றது. கூந்தல் நின்றது. மெஷின் சோபாவில் இடித்துக்கொண்டு நின்றது. வீடே கப்சிப்.

செயலாளர் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். உனக்காக ஜெயித்துவிட்டேன் என்கிற பார்வை.

"பாத்தீங்கல்ல சார்? மீட்டர்ல எவ்வளவு காட்டுதோ அதை அப்படியே எழுதிக்கோங்க."

வந்தவர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டே சொன்னார்:

"நான் டிரைவருங்க, சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்தேன். அதிகாரி அப்பவே வந்து உங்க கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, கீழ்வீட்டு பால்கனியில மீட்டரை வெச்சிட்டார். ஜெட்டு மூணு தடவை போயிடுச்சு, உங்க சத்தத்துல ஒரு தடவைகூட காதுல விழல, அதனால 'ஜெட்டு வந்தாலாவது இந்த இடம் கொஞ்சம் அமைதியாகும்'னு எழுதிக்கிட்டிருக்கார்."